பழங்குடிப் பெண்களின் வாழ்க்கைக் கதைகளில் சூழல் போராட்டம் எங்கே இருக்கிறது? (ஜானு, மயிலம்மா)

முல்லைத்திணை எழுதியது:

முனைவர் பட்ட ஆய்வுக்காக இரண்டு நூல்களை எடுத்திருக்கிறேன். முதலாவது, கேரளத்து வயநாட்டு அடியர் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த நிலவுரிமைப் போராளி சி.கே. ஜானுவின் வாழ்க்கைக் கதை. அவர் சொல்ல, பாஸ்கரன் மலையாளத்தில் எழுதியது. என். ரவிசங்கர் மொழிபெயர்ப்பில் 'மதர் ஃபாரஸ்ட்' என்ற பெயரில் 2004-இல் ஆங்கிலத்தில் வந்தது. இரண்டாவது, பாலக்காட்டுப் பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலையை எதிர்த்துப் போராடிய மயிலம்மாவின் கதை. அவர் சொல்ல, ஜோதிபாய் பரியாடத்து மலையாளத்தில் எழுதியது. பழங்குடிப் பெண்களின் தன்வரலாறு சூழல் எதிர்ப்புக் குரலாக எப்படி இயங்குகிறது என்பதுதான் தலைப்பு.

நெறிக்குழுவில் மூன்று ஆட்சேபங்கள் வரும் என்று தெரிகிறது.

ஒன்று: இரண்டுமே அவர்கள் கைப்பட எழுதியவை அல்ல. அப்படியிருக்க இவற்றைத் தன்வரலாறு என்று சொல்லலாமா? நாம் கேட்பது யாருடைய குரல்?

இரண்டு: பக்கத்துக்குப் பக்கம் பசி, கூலி, ஜன்மி (நிலவுடைமையாளர்), கட்சி. காடு பற்றி நேராகப் பேசும் இடங்கள் குறைவு. இதை எப்படிச் 'சூழல் எழுத்து' என்பது?

மூன்று: மலையாளம் வாசிக்கத் தெரியாமல் மொழிபெயர்ப்பை மட்டும் வைத்து ஆய்வு செய்வது சரியா?

கோட்பாட்டு நூல் பட்டியல் வேண்டாம், அது கையில் இருக்கிறது. பிரதியோடு உட்கார்ந்து எப்படி வேலை செய்வது என்று யாராவது சொன்னால் உதவி.

---

சுவடிப்பூனை எழுதியது:

முதல் ஆட்சேபத்துக்கு மட்டும் சொல்கிறேன்.

'யார் குரல்' என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். இந்த வகை நூலில் குறைந்தது நான்கு கை படிந்திருக்கும். சொன்னவர், கேட்டு எழுதியவர், மொழிபெயர்த்தவர், அட்டைக்குத் தலைப்பு வைத்த பதிப்பகம். நான்கையும் தனித்தனியே பிரித்துக் காட்டுவதே உங்கள் முதல் இயலின் வேலை. 'கலப்படம் இல்லாத குரல்' என்று ஒன்றைத் தேடாதீர்கள். 'எல்லாமே எழுதியவர் புனைவு' என்று எதிர்ப்பக்கம் சாயவும் வேண்டாம்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம், அங்கேயே நிறையத் தெரிந்துவிடும். ஜானுவின் மலையாள நூலுக்குப் பெயர் அவருடைய பெயர்தான். 'ஜானு: சி.கே. ஜானுவின் வாழ்க்கைக் கதை', அவ்வளவே. 'காட்டுத் தாய்' என்ற படிமம் ஆங்கிலப் பதிப்பில் அட்டைக்கு ஏறியது. உள்ளே அந்தப் பேச்சு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிலவுரிமைப் போராளியின் கதையை 'தாய்மை, இயற்கை' என்ற அலமாரியில் கொண்டுபோய் வைத்தது அட்டை.

மயிலம்மாவுக்கு நடந்தது இதைவிடத் தெளிவு. மலையாளத்தில் 'மயிலம்மா: ஒரு ஜீவிதம்', அதாவது ஒரு வாழ்க்கை. சுகுமாரன் தமிழாக்கத்தில் 'மயிலம்மா: போராட்டமே வாழ்க்கை'. ஸ்வர்ணலதா ரங்கராஜனும் ஸ்ரீஜித் வர்மாவும் செய்த 2018 ஆங்கிலப் பதிப்பில் 'பழங்குடிச் சூழல் போராளி' என்ற பொருளில் துணைத்தலைப்பு. ஒரே பெண் மூன்று மொழியில் மூன்று ஆளாகிறார். அந்த மூன்று அட்டையையும் அருகருகே வைத்து நான்கு பக்கம் எழுதினாலே ஆட்சேபம் பாதி கரைந்துவிடும்.

அடுத்து உள்ளே போங்கள். ஜானு நூலின் முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் ஒரே நடையில் இல்லை. முதல் பகுதி சிறுவயது, வயல், காடு. பேச்சின் மூச்சு அப்படியே இருக்கும். இரண்டாம் பகுதி அரசியல் வாதம். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் இதை உணர்ந்து, முதல் பகுதியில் 'நான்' என்பதற்கான ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக்காமல் சின்ன எழுத்திலேயே விட்டிருக்கிறார். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே இல்லாத மலையாளத்தில் இந்த வேலைக்கு வாய்ப்பே கிடையாது. ஆகவே அந்தச் சின்ன எழுத்தை 'ஜானுவின் தன்னடக்கம்' என்று எழுதிவிடாதீர்கள். அது மொழிபெயர்ப்பாளரின் தேர்வு. இந்தப் பிழை ஆய்வேடுகளில் அடிக்கடி கண்ணில் படுகிறது.

ஒரு செயல்முறை சொல்கிறேன். ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு 'நான்', 'நாங்கள்' வரும் இடங்களை இரண்டு நிறத்தில் அடிக்கோடிடுங்கள். மலையாளத்தில் கேட்பவரைச் சேர்க்காத 'ஞங்ஙள்', சேர்த்துக்கொள்ளும் 'நம்மள்' என்று இரண்டு உண்டு, தமிழில் நாங்கள், நாம் இருப்பதுபோல. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். யாரை உள்ளே சேர்த்துப் பேசுகிறார், யாரை வெளியே நிறுத்திப் பேசுகிறார் என்பது ஆங்கிலத்தை மட்டும் வாசித்தால் பிடிபடாது. உங்கள் மூன்றாவது கேள்விக்கும் இதில் ஒரு துண்டுப் பதில் இருக்கிறது.

'சொல்ல எழுதியது' என்பதாலேயே ஒரு நூலைத் தள்ளிவிட முடியாது என்பதற்கு உலக அளவில் எல்லாரும் காட்டும் உதாரணம் குவாத்தமாலாவின் ரிகோபெர்த்தா மெஞ்சு. 1983-இல் வந்த நூலில் ஆசிரியராக அச்சானது கேட்டு எழுதிய எலிசபெத் பர்கோஸின் பெயர். 1999-இல் டேவிட் ஸ்டோல் என்ற மானிடவியலாளர் அதிலுள்ள சில சம்பவங்களைக் கேள்விக்கு உட்படுத்த, பெரிய சர்ச்சையே நடந்தது. அதைத் தனி இயலாக விரிக்காதீர்கள், ஒரு பத்தி போதும். வயநாட்டைப் பற்றிய ஆய்வு குவாத்தமாலாவில் போய் மாட்டிக்கொண்டால் திரும்பி வராது.

---

ஒற்றைப்பனை எழுதியது:

'சோளகர் தொட்டி'யையும் சேர்த்துக்கொள்ளலாமே? தமிழ்நாட்டுப் பின்னணி கிடைக்கும். இமயமலைப் பக்கம் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த சிப்கோவும் பெண்கள் போராட்டம்தான், அதையும் ஒப்பிடலாம்.

---

சுவடிப்பூனை எழுதியது:

'சோளகர் தொட்டி' முக்கியமான நூல், ஆனால் அது ச. பாலமுருகன் எழுதிய நாவல். வாழ்க்கைக் கதை என்ற தலைப்பில் நாவலை நுழைத்தால் முதல் ஆட்சேபத்துக்கு நீங்களே வழி திறந்துவிட்டதாக ஆகும். சிப்கோவை முன்னுரையில் ஒரு வரியோடு நிறுத்துங்கள். 1974-இல் ரேணி கிராமத்துப் பெண்கள் மரத்தைக் காத்தது மறுக்க முடியாதது. ஆனால் 'பெண் என்றால் இயற்கை' என்ற சூத்திரத்துக்குச் சிப்கோவைச் சாட்சிக்கு இழுத்து இழுத்தே அந்த ஊரின் வாழ்வாதாரக் கோரிக்கை மறைந்துபோனது. அதே மறைப்பை வயநாட்டுக்கும் செய்ய வேண்டாம்.

---

வாளையாறு எழுதியது:

இரண்டாவது ஆட்சேபம்தான் உண்மையில் உங்கள் ஆய்வின் மையமாக வேண்டும். பசியும் கூலியும் சூழல் இல்லை என்று யார் சொன்னது?

ஜானுவின் சமூகத்துக்கு அடியர் என்று பெயர். பெயரிலேயே அடிமைத்தனம் இருக்கிறது. மானந்தவாடி அருகே வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஜன்மி அடுத்த ஓராண்டுக்கு ஆளைப் பேசி முன்பணம் கொடுப்பான். அதற்கு 'நில்ப்பு' என்று பெயர். தினக்கூலி நெல்லாக அளக்கப்படும், அது 'வல்லி'. ஆண்டு முழுக்க வயலில் கட்டுண்டு கிடப்பவர்களுக்கு வேலை இல்லாத நாட்களில் சோறு எங்கிருந்து வந்தது? காட்டுக் கிழங்கு, கீரை, நண்டு, மீன், தேன். வல்லியில் வந்த நெல் தீர்ந்த மறுநாள் காடு சோறு போட்டது. அதனால்தான் ஜானு காட்டைப் பெற்ற தாயைவிட மேலாக, ஒருபோதும் கைவிடாத ஒன்றாகச் சொல்கிறார். அங்கே 'தாய்' என்பது அலங்காரம் இல்லை, உணவுக் கணக்கு. இந்த வேறுபாட்டை நிறுவிவிட்டால் உங்கள் ஆய்வேடு நிற்கும்.

பிறகு காடு கைமாறுகிறது. தாயாக இருந்த காடு வனத்துறைக் காடானது, முள்வேலியும் காவலும் வந்தன, பிள்ளைகள் தங்களுக்கு இடம் தராத காட்டைப் பார்த்து அஞ்சத் தொடங்கினார்கள் என்ற பொருளில் அந்த நூலில் ஓர் இடம் உண்டு. நூலின் முதுகெலும்பு அதுதான் என்பேன். வேலி, காவலர், பயம். மூன்று சொல்லில் வன நிர்வாகத்தின் வரலாறே வந்துவிடுகிறது.

அந்த இடத்தை வாசிக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்திகள்:

மூங்கிலைக் கூழாக்கிய மாவூர் ரேயான் ஆலை. கோழிக்கோடு மாவட்டத்தில் 1963-இல் இயங்கத் தொடங்கியது. மூங்கிலை டன்னுக்கு ஒரு ரூபாய்க்குத் தர அரசு ஒப்புக்கொண்ட கதை கேரளத்தில் எல்லாருக்கும் தெரியும். மூங்கில் தீர்ந்ததும் இயற்கைக் காட்டை அழித்து யூகலிப்டஸ் நட்டார்கள். யூகலிப்டஸ் தோட்டத்தில் கிழங்கு தோண்ட முடியாது. அடிக்காட்டுச் செடிகொடி பெரிதாக வளராது, வேர் தண்ணீரை இழுத்துவிடும், அந்த இலை ஆடுமாட்டுக்கும் தீனி ஆகாது. துறைக் கணக்கில் அது இன்னும் 'காடு'. அடியர் பெண்ணின் கணக்கில் அங்கே எதுவும் இல்லை. 'காடு' என்ற ஒரே சொல் இரண்டு கணக்கேட்டில் இரண்டு பொருள் தருகிறது. பிரதியில் அந்தச் சொல் எங்கெங்கே எந்தப் பொருளில் வருகிறது என்று குறித்து வாருங்கள்.

2003 ஜனவரியில் வயநாட்டின் முத்தங்காவில் ஆதிவாசிக் குடும்பங்கள் உள்ளே போய்க் குடில் கட்டியது இப்படியான யூகலிப்டஸ் நிலத்தில். எதிர்த்தரப்பு 'சரணாலயத்தை ஆக்கிரமித்தார்கள், காட்டை அழிக்கிறார்கள்' என்றது. அதாவது சூழல் என்ற சொல்லையே பழங்குடிகளுக்கு எதிராகத் திருப்பினார்கள். பிப்ரவரி 19-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜோகி என்ற ஆதிவாசி இறந்தார். அந்த மோதலில் ஒரு காவலரும் இறந்தார். 'சூழல் எதிர்ப்பு' என்று தலைப்பு வைக்கிறவர் இந்த முரணைத் தொடாமல் போனால் குழு விடாது. இங்கே பழங்குடிப் பெண் எதிர்த்து நின்றது ஆலையை மட்டும் இல்லை, 'பாதுகாப்பு' என்ற பெயரில் வந்த வேலியையும்தான்.

சட்டப் பின்புலம் சுருக்கமாக: பறிபோன பழங்குடி நிலத்தை மீட்டுத்தர 1975-இல் சட்டம் போட்டார்கள், பல ஆண்டு அது தூங்கியது. 1999 சட்டம் 2 ஹெக்டேர் வரையிலான கைமாற்றங்களை அப்படியே விட்டுவிட்டு மாற்று நிலம் தருவதாகச் சொன்னது. 2001-இல் பட்டினிச் சாவுகளை அடுத்துத் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் குடில் கட்டி 48 நாள் இருந்தார்கள். நிலமற்ற குடும்பத்துக்கு 1 முதல் 5 ஏக்கர் என்று ஒப்பந்தம் ஆனது. அது நிறைவேறாததால்தான் முத்தங்கா. போராட்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஊர்க் குடிலைத் தூக்கிக்கொண்டு போய்த் தலைமைச் செயலகத்தின் வாசலில் வைக்கிறார்கள். 2014-இல் நில்ப்புச் சமரம் (நிற்கும் போராட்டம்), 162 நாள் நின்றுகொண்டே. அடிமை ஒப்பந்தத்துக்கும் 'நில்ப்பு' என்றே பெயர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதை வாசியுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

மயிலம்மா பக்கம் நான் வருகிறேன். பிளாச்சிமடையில் ஆவணம் மிகுதி, அதனாலேயே பிழையும் மிகுதி. முதலில் தேதிகளை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, பெருமாட்டி ஊராட்சி. (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல. சிரிக்காதீர்கள், அப்படியும் எழுதியிருக்கிறார்கள்.) கோக்கோ கோலா ஆலைக்கு ஊராட்சி உரிமம் கொடுத்தது 2000 ஜனவரியில், உற்பத்தி தொடங்கியது மார்ச்சில். நிலம் சுமார் 34 ஏக்கர். போராட்டப் பந்தல் போட்டது 2002 ஏப்ரல் 22. அதைத் தொடங்கி வைத்தவர் சி.கே. ஜானு. உங்கள் இரண்டு நூல்களும் அந்த ஒரு நாளில் சந்திக்கின்றன. இரண்டையும் ஏன் சேர்த்தேன் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேட வேண்டாம்.

2003 ஏப்ரலில் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2003 டிசம்பர் 16-இல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பு: நிலத்தடி நீர் பொதுச் சொத்து, அரசு அதன் காவலர் மட்டுமே, தன் நிலம் என்பதால் ஒருவர் வரம்பின்றி உறிஞ்ச முடியாது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005 ஏப்ரல் 7-இல் இருவர் அமர்வு அந்தத் தீர்ப்பை மாற்றி, வழக்கமான மழை பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆனாலும் ஆலை மறுபடி முறையாக ஓடவில்லை. மயிலம்மா இறந்தது 2007 ஜனவரியில். கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது அதற்குப் பிறகு. 2011-இல் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

வழக்கமாக எங்கே தவறுகிறார்கள் என்றால், 2003 தீர்ப்பை மட்டும் மேற்கோள் காட்டி 'மயிலம்மா வென்றார்' என்று இயலை முடித்துவிடுகிறார்கள். 2005 தீர்ப்பைச் சேர்த்தால் கதை அவ்வளவு நேர்கோடாக இருக்காது.

லிட்டர் கணக்கிலும் எச்சரிக்கை. போராட்டத் தரப்பு நாளொன்றுக்கு 15 லட்சம் லிட்டர் என்றது, நிறுவனம் 5 லட்சம் அளவில் சொன்னது. எதை எழுதினாலும் யார் சொன்ன எண் என்று கூடவே எழுதுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது ஆட்சேபத்துக்கு. பிளாச்சிமடைப் பெண்கள் முதலில் சொன்ன புகார்கள் என்ன? கிணற்றுத் தண்ணீரில் சமைத்தால் சரியாக வேகவில்லை, சோறு கெட்டுப்போகிறது, குளித்தால் அரிக்கிறது, நல்ல தண்ணீருக்கு வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. இதைச் 'சமையலறைப் புலம்பல்' என்று ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புக்குத் தாவக் கூடாது. கால்சியம், மக்னீசிய உப்பு கூடிய கடின நீரில் பருப்பு வேகாது. கால்சியம் பருப்பின் பெக்டினோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியும். ஆய்வகத் தாளில் 'கடினத்தன்மை' என்று எண்ணாக வருவதைத்தான் அந்தப் பெண்கள் அதற்கு முன்பே அடுப்படியில் அளந்து சொன்னார்கள். வாய்மொழி முதலில், சோதனைச் சாலை பிறகு. இந்த வரிசையை நீங்கள் நிறுவினால் 'வாழ்க்கைக் கதை ஏன் சூழல் ஆவணம்' என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

ஆலைக் கழிவையும் விட்டுவிடாதீர்கள். சேற்றுக் கழிவை உரம் என்று சொல்லி அக்கம்பக்க விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். 2003-இல் பிபிசி வானொலி மாதிரி எடுத்து எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் சோதிக்க, காட்மியமும் ஈயமும் இருப்பது தெரிந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விநியோகத்தை நிறுத்தச் சொன்னது அதன் பிறகே.

வேலை முறை: ஒரு அட்டவணை போடுங்கள், மூன்று பத்தி (நெடுவரிசை). முதல் பத்தியில் பிரதி காலத்தைச் சொல்லும் விதம், அது 'அந்த மழைக்குப் பிறகு', 'பிள்ளை பிறந்த ஆண்டு' என எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவதில் நிகழ்வு. மூன்றாவதில் ஊராட்சித் தீர்மானம், தீர்ப்பு, செய்தி எனக் கிடைத்த ஆவணமும் தேதியும். முதல் பத்தியும் மூன்றாவதும் ஒத்துப்போகாத இடங்களில் பிரதியைத் திருத்தாதீர்கள். ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதுங்கள். போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டபோது சொல்பவர் எதை முன்னால் இழுத்தார், எதைத் தள்ளி வைத்தார் என்பது அந்த இடைவெளியில்தான் தெரியும்.

---

வாளையாறு எழுதியது:

மேலே விட்டுப்போன மூன்றாவது கேள்வி: மொழி.

மயிலம்மா எரவாளர் சமூகம். பிளாச்சிமடைப் பகுதியில் எரவாளரும் மலசரும் கணிசம். எரவாளர் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. ஆனைமலை அடிவாரத்தில் பொள்ளாச்சிப் பக்கமும் இதே சமூகம் இருக்கிறது, தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகளிலும் எரவாளர் உண்டு. ஆக, தமிழுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பேச்சு மலையாள எழுத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்குத் திரும்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் வாசிக்கும் ஆய்வாளருக்குத் தெரியாத ஒன்று உங்கள் காதுக்குத் தெரியும். இதைப் பலவீனமாக ஏன் நினைக்கிறீர்கள்?

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்ப் பதிப்பின் தமிழை மயிலம்மாவின் தமிழ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது மொழிபெயர்ப்பாளரின் தமிழ். அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து 'எரவாளர் பேச்சு வழக்கு' என்று எழுதினால் கதை கந்தல்.

மலையாளத்துக்குப் பயப்பட வேண்டாம். எழுத்து படிக்க மூன்று நான்கு வாரம் போதும், தமிழ் தெரிந்தவருக்குச் சொற்களில் பெரும்பகுதி தானே புரியும். நூல் முழுவதையும் வேண்டாம். நீங்கள் ஆய்வேட்டில் விரிவாகப் பேசப்போகும் பதினைந்து இருபது இடங்களை மட்டும் மூலத்தில் எடுத்து, மலையாளம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கிப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை: கிழங்கு, கீரை, மீன் பெயர்கள் (ஆங்கிலத்தில் பெரும்பாலும் பொதுப்பெயராகச் சுருங்கும்), அளவைப் பெயர்கள், உறவுமுறைச் சொற்கள், வேலைக்கான வினைச்சொற்கள். தாவரப் பெயர் தொலைந்த இடத்தில் சூழல் அறிவும் தொலைந்தது என்று பொருள். அப்படி மூன்று இடம் காட்டினாலும் போதும்.

---

முல்லைத்திணை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அடியர் 'நில்ப்பு'வும் நில்ப்புச் சமரமும் ஒரே சொல் என்பது இதுவரை கண்ணில் படவே இல்லை.

இன்னொன்று. பின்னிணைப்பாகப் பிளாச்சிமடைப் பகுதியில் ஐந்தாறு பெண்களின் வாழ்க்கைக் கதையைப் பதிவு செய்து சேர்க்கலாமா என்று யோசனை. இதில் கவனிக்க வேண்டியது என்ன?

---

சுவடிப்பூனை எழுதியது:

சேர்க்கலாம், ஆனால் ஐந்தாறு வேண்டாம், இரண்டு போதும். ஏன் என்று கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்கப் பழகிய மொழியிலேயே ஐந்தாறு மணி நேரம் ஆகும், பழகாத வழக்கு என்றால் எட்டு, பத்து மணி நேரம். ஒருவரிடம் முக்கால் மணி நேரமாக நான்கு அமர்வு என்றால் எழுத்தாக்கம் மட்டும் முப்பது மணி நேரம் வரை ஆகும். ஐந்தாறு பேரைப் பதிவு செய்துவிட்டு எழுத்தாக்காமல் வட்டில் போட்டு வைப்பது அவர்கள் நேரத்தைத் திருடுவது.

ஒரு அமர்வு 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நூறு நாள் வேலை நாட்களில் பகலில் போகாதீர்கள். கைப்பேசியில் பதிவு செய்தால் விமானப் பயன்முறையில் போட்டு, சுருக்காத கோப்பாக, சட்டையில் குத்தும் ஒலிவாங்கியோடு. மின்விசிறி, மிக்ஸி, தகரக் கூரையில் மழை, இந்த மூன்றும் பதிவைக் கெடுக்கும். அன்றிரவே இரண்டு இடத்தில் படி எடுத்துவிடுங்கள்.

'சுற்றுச்சூழல் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்டால் மேடைப் பேச்சுதான் வரும். பிளாச்சிமடையில் இருபது ஆண்டாகப் பத்திரிகைக்காரர்கள் கேட்டுக் கேட்டுத் தயார்ப் பதில் உருவாகிவிட்டது. 'கல்யாணமாகி வந்தபோது தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், எத்தனை குடம், யார் கூட வருவார்கள்' என்று கேளுங்கள். தண்ணீரிலிருந்து ஆலைக்கு அவரே வந்து சேர்வார். வராவிட்டாலும் இழுக்காதீர்கள். ஆண்கள் சுற்றி உட்கார்ந்திருக்கும் திண்ணையில் பதிவு செய்தால் பதில் பாதி அவர்களுடையதாகிவிடும்.

எழுத்தாக்கத்தில் உங்கள் கேள்விகளை வெட்டிவிடாதீர்கள். ஜானு, மயிலம்மா நூல்களில் கேட்டவரின் கேள்வி மறைந்துபோனதுதான் 'யார் குரல்' என்ற சிக்கலையே கிளப்பியது. அதே தவறை நீங்கள் செய்வானேன்? எழுதியதை அவர்களுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டி, வேண்டாம் என்றதை நீக்குங்கள். ஒப்புதலை எழுத்தில் மட்டும் வாங்காமல் பதிவின் தொடக்கத்தில் குரலிலும் வாங்குங்கள். ஊர் மூப்பன் சரி என்றது அந்தப் பெண்ணின் சம்மதம் ஆகாது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சுவடிப்பூனை சொன்னதோடு இரண்டு சேர்க்கிறேன்.

யாராவது 'காட்டுக்குள்ள போய் விறகு எடுத்தோம், தேன் எடுத்தோம்' என்று சொன்னால் இடப்பெயர், ஆண்டு, கூடப் போனவர் பெயர் மூன்றையும் எழுத்தாக்கத்திலேயே மறைத்துவிடுங்கள், ஆய்வேட்டுக்கு வரும்போது மறைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். வனத்துறை வழக்குக்கு அது சாட்சியாக முடியும். மூலிகை, தேன் கிடைக்கும் இடங்களை வரைபடத்தில் குறிக்கவே வேண்டாம்.

அடுத்தது உரிமை. சொன்னவர் ஒருவர், எழுத்தில் வடித்தவர் ஒருவர் என்றால் பதிப்புரிமை பெரும்பாலும் எழுதியவர் பக்கம் சாயும். நாளைக்கு அது நூலாக வந்தால் இணையாசிரியர் என்று அவர் பெயரும் போட வேண்டும், வருவாயில் பங்கும் தர வேண்டும் என்பதை ஒரு தாளில் இப்போதே எழுதி, வாசித்துக் காட்டி, இருவரும் ஒப்பமிட்டு, ஒரு படியை அவர் வீட்டிலேயே விட்டு வாருங்கள்.

---

முல்லைத்திணை எழுதியது:

சரி, இரண்டு பேர் போதும். 'நாங்கள், நாம்' அடிக்கோட்டை ஜானு முதல் பகுதியில் தொடங்குகிறேன். மலையாள எழுத்துப் பயிற்சிக்கு அச்சுப் புத்தகத்தில் ஆரம்பிப்பதா, செய்தித்தாளிலா?

---

வாளையாறு எழுதியது:

அச்சுப் புத்தகம்தான், அதுவும் ஜானுவின் நூலையே எடுங்கள். ஆங்கிலம் ஏற்கெனவே வாசித்திருப்பதால் வரி எங்கே போகிறது என்று தெரியும். செய்தித்தாளில் சமஸ்கிருதக் கூட்டெழுத்து அதிகம், முதல் வாரமே அலுத்துவிடும். பழைய பதிப்பு கிடைத்தால் 'ற்ற', 'ன்ற' கூட்டெழுத்து வடிவங்களை ஒரு அட்டையில் எழுதி முன்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், குழப்புவது அவைதான்.